மூன்று வரிகள்

படிவத்தில் மூன்றே வரிகள் விட்டிருக்கிறார்கள்.
'நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்.'

வால்டிவியா. ஆகஸ்ட். காலை எட்டுப் பத்து.
மழை பெய்தது என்று எழுத வேண்டியதில்லை.
இந்த ஊரில் மழையை யாரும்
சம்பவத்தில் சேர்ப்பதில்லை.

"காட்ரிலேயோ ஐயா?" என்றேன்.
"ஆமாம்" என்றார்.
பொய்யில்லை. அவர் காட்ரிலேயோதான்.
பன்னிரண்டாம் கட்டில், எலியுதேரியோ காட்ரிலேயோ.
பதினொன்றில் இருந்தவர் பெலிசாரியோ காட்ரிலேயோ.
ஒரே ஏரிக்கரை, வேறு வேறு குடும்பம்.

மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்திருக்க வேண்டும்.
கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.
வெளியே எடுங்கள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
கூச்சத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
அலட்சியம் இருக்கிறது, வேலைப்பளு இருக்கிறது,
'பிற' இருக்கிறது.

காகிதக் கிண்ணத்தில் இரண்டு வெள்ளை மாத்திரைகள்.
"இது புதுசா இருக்கே?"
"டாக்டர் எழுதியிருக்கிறார்" என்றேன்.
விழுங்கினார். தண்ணீர் மீசையில் வழிந்தது.
நன்றி, மகளே, என்றார்.

பதினொன்றாம் கட்டிலில்
பெலிசாரியோ உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார்.
என் தட்டில் அவருக்கு ஒன்றும் இல்லை.

சரியான ஆள், சரியான மருந்து,
சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்:
முதலாண்டிலிருந்து விரல் மடக்கிச் சொல்லி வருகிறோம்.
ஐந்தில் நான்கு சரி.
பரீட்சை என்றால் தேறியிருப்பேன்.

துணிகள் அடுக்கும் அறையில் யஸ்னாவிடம் சொன்னேன்.
"வண்டியில இன்னும் பதினாறு இருக்கு.
ரெண்டு எடுத்து இவருக்குக் குடு.
எண்ணப் போறதும் நீதானே."
கெட்டவள் இல்லை அவள்.
"போன மாசம் நானும்..." என்று ஆரம்பித்து
தலையணை உறையை நான்காக மடித்தாள்.
பிறகு எட்டாக.

நான்கு நிமிடம் அங்கேயே நின்றேன்.
அந்த நான்கு நிமிடத்தையும் எழுத வேண்டுமா?

பொறுப்புச் செவிலி மக்தலேனா திட்டுவாள் என்று
பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.
ஒன்றும் செலவாகவில்லை.
"எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு
ஓடினாள். ஐம்பது வயதுக் கால்கள்.
நான் பின்னால்.

நூற்றுப் பத்து.
தொண்ணூற்றெட்டு.
கால்களை உயர்த்து, சலைன் திற.
எண்பத்தி நான்கு.
பக்கத்துக் கட்டிலில் மற்றவருக்கு நூற்றெழுபது.
ஒருவருடைய பள்ளத்தை எடுத்து
இன்னொருவர் மேட்டில் கொட்ட முடிந்தால்!

எழுபத்தொன்பதில் அவர் கண்ணைத் திறக்காமலே
"நாய் குலைக்குதா, என் காதுக்குள்ளயா?" என்றார்.
மீன்சந்தைப் படித்துறையில்
கடற்சிங்கங்கள் கத்திக்கொண்டிருந்தன.
"வெளியிலதான், ஐயா. கடற்சிங்கம்."
அதைச் சொன்னபோது மட்டும்
எனக்கு எல்லாமே தெரிந்ததுபோல இருந்தது.

பதினோரு மணிக்குத் தொண்ணூறு.
நண்பகலில் நூற்றிரண்டு, சூப் கேட்டார்.
பூசணித் துண்டை ஒதுக்கிவிட்டுக் கரண்டியை வைத்தார்.
"உங்களிடம் நானே சொல்ல வேண்டும்" என்றேன்.
"வேறொருவர் மாத்திரையை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன்."
யஸ்னா கதவருகில் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அவர் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை.
ஜன்னல் வழியும் நீரை வெகுநேரம் பார்த்தார்.
"நான் கேட்டேனே" என்றார்.

இரண்டு வரியை
கட்டில் எண்ணும் மாத்திரைப் பெயரும் தின்றுவிட்டன.
மூன்றாவதில் எழுதினேன்:
அவர் கேட்டார். நான் கேட்கவில்லை.

கீழே நயாரெத் ஒயார்சோ, செவிலியர் கல்வி,
இரண்டாம் ஆண்டு.
கையெழுத்துக்கு மட்டும்
தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள்.